சுவருக்கு என்ன நிறம்?

வீடு பற்றிய ஆய்வுகளுக்கு நம்மிடையே குறைவில்லை. நாற்சார் வீட்டின் அமைப்பு யாது, அதன் முற்றமும் தலைவாசலும் விறாந்தையும் சமூக ஏற்றத்தாழ்வை எவ்வாறு பேணி நின்றன என்பன பற்றியெல்லாம் விரிவுரைகளிற் கேட்டிருக்கிறோம். கட்டுரைகளும் எழுதிப் புள்ளிகள் பெற்றிருக்கிறோம். ஆயின் கட்டிமுடித்த வீட்டின் சுவருக்கு என்ன நிறம் பூசுவது, யன்னலில் எதனைத் தொங்கவிடுவது, மேசைமேல் எதனை விரிப்பது என்பன போன்ற வினாக்கள் ஆய்வுக்குரியனவாகக் கொள்ளப்படுவதில்லை. அவை வீட்டுப் பெண்களின் விடயம். தவறினால் கடைக்காரரின் விடயம். 2024 ஆம் ஆண்டு எமது வீட்டிலே இவ்வினா எழுந்து, ஏறத்தாழ மூன்று மாதம் தீர்வின்றி நின்றது. அம்மூன்று மாதமும் நான் கேட்டவற்றையும் எண்ணியவற்றையுமே இங்கு எழுதுகிறேன்.

வலிகாமம் வடக்கிலே, கடலின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் உள்ளது எமது காணி. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஊர் முழுவதும் எழுந்து வெளியேறியபோது அம்மாவுக்கு வயது 12. பின்னர் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. எங்கள் பக்கம் விடுவிக்கப்பட்டது 2017 இல். இடைப்பட்ட 27 ஆண்டுகளில் 1995 ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்வும் தென்மராட்சியிற் கழிந்த சில மாதங்களும் நீங்கலாக, மற்றக் காலம் முழுவதையும் அம்மா ஒரு நலன்புரி நிலையத்திலேயே கழித்தார். அங்கேதான் அவருக்குத் திருமணம் நடந்தது. நானும் தம்பியும் நடை பயின்றதும் அங்கேதான். நாங்கள் காணிக்குத் திரும்பிச் சென்றபோது பழைய வீட்டில் எஞ்சியிருந்தவை இரண்டு. ஒன்று கிணறு. மற்றையது விறாந்தையின் மூலையில் ஒரு பாய் விரிக்குமளவு தரை. காவி கலந்து மினுக்கிய சீமெந்துத் தரை அது. பற்றைகளை வெட்டி, மண்ணைக் கூட்டி, ஒரு வாளி தண்ணீரை ஊற்றியபோது அது சிவப்பாகவே இருந்தது. காவி என்பது இரும்பொட்சைட்டு. வெயிலும் மழையும் அதனை எளிதில் வெளிறச் செய்வதில்லை என்ற விளக்கமெல்லாம் பின்பு நான் படித்தறிந்தது. அன்று அம்மம்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுத்திட்டத்தின் உதவியோடு எழுந்தது புதிய வீடு. 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு மண்டபம், ஒரு குசினி. சுவர் பூசியதோடு காசு முடிந்துவிட்டது. ஆகவே சில வருடங்கள் சீமெந்தின் சாம்பல் நிறமே எமது நிறமாயிருந்தது. 2024 இல் அம்மாவுக்குச் சீட்டுக்காசு கிடைத்ததும்தான் நிறம் பற்றிய பேச்சு ஆரம்பமாயிற்று. அம்மம்மா வெள்ளை என்றார். அம்மா றோஸ் என்றார். நான் வெள்ளைச் சுவரும், அதிலே பனையோலைக் கைவினைப் பொருள்களும் என்றேன். அப்பா, “எதையாவது அடியுங்கோ, கதவுநிலைக்குக் கறையான் வராமல் பார்த்தால் போதும்” என்று சொல்லிவிட்டு வெங்காயத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அம்மம்மாவின் வெள்ளை, கடையில் வாளியிலே விற்கும் வெள்ளையன்று, சுண்ணாம்பு வெள்ளை. அதற்கென்று ஒரு காலம் இருந்தது. மாரி மழை ஓய்ந்து, தைப்பொங்கல் நெருங்கும் மார்கழிக் கடைசியில் சூளைச் சுண்ணாம்பு வாங்கி வருவர். சிப்பியையும் முருகைக்கல்லையும் சுட்டெடுத்த சுண்ணாம்பு அது. பெரிய பானையிலே நீரூற்றி நீற்றினால் அடுப்பின்றியே அது கொதிக்கும். சிறுவர்கள் கிட்டப் போகக்கூடாது. ஆறியபின் சாக்கிலே வடித்து, பிடிப்புக்காகக் கொஞ்சம் கஞ்சியும் உப்பும் சேர்த்து, கடைசியாகச் சலவைக்கு இடும் நீலத்தைத் துணியில் முடிந்து அதற்குள் ஆட்டியெடுப்பர். அந்த நீலம் இல்லாவிடின் வெள்ளை மஞ்சளித்துத் தோன்றும். கூடிவிட்டாலோ சுவர் நீலமாகிவிடும். எத்தனை முறை ஆட்டுவது என்பது அம்மம்மாவின் கைக்கு மாத்திரம் தெரிந்த கணக்கு. நசுக்கிய தென்னம்மட்டையே தூரிகை. அடிக்கும்போது சுவரில் ஒன்றும் தெரியாது. ஈரச் சாம்பல் நிறமாகவே இருக்கும். காயக்காயத்தான் வெளுக்கும். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மீண்டும் கல்சியம் காபனேற்று ஆகிறது, அதாவது சுட்ட சிப்பி திரும்பவும் கல்லாகிச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது என்று நான் விளக்கியபோது, “அது தெரியும். அதுதானே காலைமை எழும்பிப் பாக்கிறனாங்கள்” என்றார் அம்மம்மா.

சுண்ணாம்புச் சுவருக்குச் சிறப்புகள் உள்ளன. அது மூச்சு விடும். உள்ளே சேர்ந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். யாழ்ப்பாணத்து வெயிலைத் திருப்பி அனுப்பி வீட்டைக் குளிர்மையாய் வைத்திருக்கும். பூச்சிகள் அண்டுவதும் குறைவு. செலவோ சொற்பம். இவையனைத்தையும் நான் எடுத்துரைத்தேன். அம்மா பொறுமையோடு கேட்டபின் ஒரு வினாவை மாத்திரம் எழுப்பினார்: “வருசா வருசம் ஆர் அடிக்கிறது? நீ கம்பஸிலை இருப்பாய்.”

இதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. மலிவான பொருள் எல்லாம் மலிவானதன்று. அதன் விலையில் ஒரு பகுதியை ஒருவர் உழைப்பாகச் செலுத்துகிறார். அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்ணாகவே இருக்கிறார்.

கைவினை பற்றிய எனது ஆர்வம் பேராதனைக்கு வந்தபின் வளர்ந்தது. ஆனந்த குமாரசுவாமி 1908 ஆம் ஆண்டு வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை நூலகத்திலே முதன்முதலாகப் புரட்டியபோது எனக்கு ஏற்பட்ட கிளர்ச்சி பெரிது. கனிப்பொருள் ஆய்வுக்காக ஊரூராகச் சென்றவர், அவ்வூர்களின் தச்சரையும் கொல்லரையும் பாய் நெய்வோரையும் கண்டு, பாவனைப் பொருள் வேறு கலைப்பொருள் வேறு என்ற பாகுபாடு அங்கு இல்லை என்பதனை எடுத்துக் காட்டினார். கண்டியை அடுத்த தும்பறையிலே நெய்யப்படும் பாய்கள் அந்நூலில் இடம்பெறுகின்றன. சென்ற வருடம் நண்பர் சிலரோடு குண்டசாலைப் பக்கத்திலுள்ள ஹேனாவல கிராமத்துக்குச் சென்று அப்பாய்களை நேரிற் பார்த்தேன். சிங்களத்தில் ஹண என்று வழங்கும் கற்றாழையினத் தாவரத்தின் நாரைச் சீவி, முறுக்கி, சாயமிட்டுத் தறியில் நெய்கிறார்கள். பதங்கிக் கட்டையிலிருந்து சிவப்பு, மரமஞ்சளிலிருந்து மஞ்சள், கடுக்காய் முதலியவற்றிலிருந்து கறுப்பு. யானை, மான், பூங்கொடி என்பன நேர்கோடுகளாலேயே உருப்பெறுகின்றன. 2021 ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இக்கைவினையை மானிடத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இப்போது அவை பாயாக விரிக்கப்படுவதிலும் பார்க்க, சுவரில் தொங்குவதற்கும் மேசையில் இடுவதற்குமே மிகுதியும் வாங்கப்படுகின்றன.

ஆயினும் அங்கிருந்து திரும்பும்போது பஸ் வண்டியிலேயே ஒரு நெருடல் தோன்றிவிட்டது. கண்டி இராச்சியக் காலத்தில் இந்நெசவு ஒரு சாதிக்கு விதிக்கப்பட்ட கடமை. அரச களஞ்சியத்துக்குப் பாய் கொடுப்பது அவர்களின் பிறப்போடு வந்த பணி. குமாரசுவாமி அவ்வமைப்பைப் பரிவோடு நோக்குகிறார். அதனுள் நின்று நெய்தவருக்கு அது எவ்வாறு இருந்திருக்கும் என்ற வினாவோ என்னை விட்டகலவில்லை.

நமது பக்கத்திலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலங்களில் சாயவேர் என்றொரு சிறு செடி தானாக முளைக்கும். அதன் வேரை இடித்து, படிகாரம் ஊட்டிய துணியோடு காய்ச்சினால் கழுவக் கழுவ மங்காத சிவப்புப் பிடிக்கும். ஒல்லாந்தர் காலத்தில் அது பெருமதிப்புப் பெற்ற வாணிபப் பொருளாயிருந்தது. 1697 இல் யாழ்ப்பாணக் கொமாந்தர் சுவார்டகுரூன் தமக்குப் பின் வருவோருக்கு எழுதிவைத்த அறிக்கையிலும் சாயவேர் பேசப்படுகிறது. வேரைக் கிண்டுவது ஒடுக்கப்பட்ட ஒரு பகுதியினருக்குச் சாதிக் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. நூல்களிலே “வேர்க்குத்தி” என்ற பெயரால் அவர்கள் குறிக்கப்படுகின்றனர். பழைய சிவப்புச் சேலையின் அழகைப் பற்றி எழுதுகையில், சுடுமணலில் குந்தியிருந்து வேர் கிண்டியவரின் முதுகை எத்தனை பேர் நினைப்பர்? 1869 இல் ஐரோப்பாவிலே அலிசரின் என்னும் செயற்கைச் சாயம் சந்தைக்குரியதாயிற்று. சாயவேரின் சிவப்புக்குக் காரணமாயிருந்த பொருளும் அதுவே. வேருக்கு வேலை இல்லாமற் போயிற்று. இதனை நமது கைவினையின் வீழ்ச்சி என்று மாத்திரம் கூறுவது பாதி உண்மையாகும். அவ்வேலையிலிருந்து விடுபட்டவரின் பேரப்பிள்ளைகள் அதற்காகத் துக்கம் கொண்டாடியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனிப் பனையோலைக்கு வருவோம். எமது வீட்டு வாக்குவாதம் உண்மையில் நின்றது இங்கேதான். அம்மம்மா ஓலை இழைப்பதில் கைதேர்ந்தவர். குருத்தோலையைக் காயவிட்டு, ஈர்க்கு நீக்கி, வேண்டிய அகலத்துக்கு வார்ந்து, ஒரு பகுதியைக் கொதிக்கும் சாயநீரில் இட்டு எடுப்பார். கத்தரிப்பூ நிறம், பச்சை, கடுஞ்சிவப்பு என்ற மூன்று சாயத்தூளே அவர் பயன்படுத்துவன. அம்மூன்றையும் ஓலையின் இயல்பான வெண்மஞ்சளோடு சேர்த்து அவர் இழைக்கும் அடுக்குப்பெட்டியில் ஒன்றினுள் ஒன்றாக ஐந்து பெட்டிகள் அடங்கும். கடகம், நீத்துப்பெட்டி, கொட்டைப்பெட்டி, உமல், தட்டுவம் ஆகியன சாயமிடாதவை. அவற்றை அம்மம்மா கலை என்று எண்ணுவதில்லை, சாமான் என்பார். பனை அபிவிருத்திச் சபை 1978 இல் தோன்றியதன் பின்னர் இத்தொழிலுக்குப் பயிற்சிகளும் விற்பனை நிலையங்களும் ஏற்பட்டன என்பதும், இன்று கொழும்பின் சில கடைகளிலே சுளகு ஒன்று வெள்ளைச் சுவரின் நடுவே படம்போல் மாட்டப்பட்டிருக்கிறது என்பதும் நாம் அறிந்தவையே. அவ்வாறானதொரு கடையைக் கண்ட பிறகே, எமது மண்டபத்துச் சுவரிலும் சுளகுகள் மூன்றை மாட்டலாம் என்ற யோசனையை நான் முன்வைத்தேன்.

அம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. “பிள்ளை, இருபத்தேழு வருசம் ஓலைக்குள்ளை இருந்தனாங்கள். சுவரும் ஓலை, கூரையும் ஓலை, மழைக்கு மேலை தறப்பாள். இப்பதான் ஒரு கல்லுச் சுவர் கண்டிருக்கிறன். அதிலை திரும்பவும் ஓலையைக் கொண்டுவந்து மாட்டப்போறியோ?” என்றார்.

எனது வாதம் அத்தோடு முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிடுகு வேறு, இழைத்த பெட்டி வேறு; தென்னோலை வேறு, பனையோலை வேறு என்றெல்லாம் நான் பகுத்துக் காட்டினேன். அப்பகுப்பு இன்றும் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் ஒரு பொருளை அழகாகக் காண்பதற்கு அப்பொருளிலிருந்து சற்று விலகி நிற்க வேண்டியிருக்கிறது. கொழும்புக் கடையில் சுளகை வாங்கும் அம்மையாருக்கு அந்தத் தூரம் பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது. அவர் அதிலே ஒருநாளும் அரிசி புடைத்ததில்லை. எனக்கு அதனைப் பல்கலைக்கழகம் கொடுத்திருக்கிறது. அம்மாவுக்கு அந்தத் தூரம் இல்லை. ஓலை என்றதும் இரவிலே ஒழுகும் மூலைதான் அவருக்கு நினைவு வருகிறது. மரபு பேண வேண்டும் என்று நாம் மேடைகளிலே முழங்கும்போது, யாருடைய வீட்டுச் சுவரில் அதைப் பேணப் போகிறோம் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

அம்மாவின் றோஸ் நிறத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. முகாமிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு வீடு. அதன் மதில் றோஸ். ஐந்து வருடம் அம்மதிலின் ஓரமாக அவர் நடந்திருக்கிறார். அவ்வீட்டில் யார் இருந்தார்கள் என்பதோ உள்ளே எப்படியிருக்கும் என்பதோ அவருக்குத் தெரியாது. “எங்களுக்கெண்டு ஒரு வீடு வந்தால் எண்டு நினைச்சுக்கொண்டு போவன்” என்றார். அவ்வளவுதான். இதைவிட வலுவான அழகியற் கோட்பாடு ஒன்றை எனது பாடநூல்களில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

கைவினை என்ற சொல்லின் எல்லையையும் இங்கு கவனிக்க வேண்டும். முகாமிலே ஒரு தையல் வகுப்பு நடந்தது. தையற்கடைகள் எறிந்த துண்டுத் துணிகளைக் கொண்டு கால்மிதியும் தலையணை உறையும் செய்ய அம்மா அங்கே கற்றுக்கொண்டார். வெற்றுப் போத்தல்களிலே வெட்டிய பூக்கள், தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் விரிக்கும் குறோசே பின்னல், சேலைக் கரைகளை இணைத்துத் தைத்த யன்னற்சீலை என்பனவெல்லாம் அவர் கையாற் செய்தவை. எமது விடுதி நண்பர்கள் சிலருக்கு இவை இரசனைக் குறைவின் அடையாளங்கள். தும்பறைப் பாயைக் கண்டு வியக்கும் அதே கண், போத்தற்பூவைக் கண்டதும் திரும்பிக்கொள்கிறது. பழையது என்றால் கைவினை, புதியது என்றால் மலிவுச்சரக்கு என்று கொள்வது என்ன நியாயம்? அத்துண்டுத் துணிக் கால்மிதியை உற்றுப் பார்த்தால், கடும் நிறங்கள் அருகருகே மோதாதபடி நடுவிலே எப்போதும் ஒரு வெளிறிய துண்டு வைத்துத் தைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அதனை அவருக்கு யாரும் கற்பித்ததில்லை. பிளாஸ்ரிக் பூக்களை நான் இன்னமும் விரும்பவில்லை என்பது வேறு விடயம். தூசி படிந்தால் அவற்றைக் கழுவுவது என் வேலை.

றோஸ் என்று முடிவான பின்னரும் தொல்லை தீர்ந்தபாடில்லை. கடையில் நூற்றுக்கணக்கான நிறங்கள் அச்சிட்ட அட்டையொன்றை நீட்டினார்கள். இலக்கத்தைச் சொன்னால் இயந்திரம் கலந்து தரும். சேலைக் கடையிலே மாந்துளிர், மயிற்கழுத்து, எலுமிச்சம்பழம் என்று ஒரு நொடியில் நிறம் பிரிக்கும் அம்மா, அவ்வட்டையின் முன் திகைத்து நின்றார். பெயர்களெல்லாம் அந்நிய தேசத்துப் பூக்களும் பனியும். மறுநாள் அப்பாவின் தோட்டத்துச் சின்ன வெங்காயம் ஒன்றைக் கைப்பையில் எடுத்துவந்து, மேற்சருகை நீக்கி, அதன் கீழுள்ள மெல்லிய தோலை அட்டையின்மேல் வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். கடைப்பையன் சிரித்தான். மூன்றாவது வரிசையில் அது பொருந்தியது.

பெயின்ற் அடிக்க வந்தவர் அனுபவசாலி. சுவரில் உப்புப் பூத்திருந்த இடங்களையெல்லாம் சுரண்டி, காயவிட்டு, அடிப்பூச்சு இட்ட பின்னரே நிறத்தைத் தொட்டார். இவ்வகைப் பளிச்சென்ற சிவப்புச் சாயல்கள் வெயிலில் நெடுநாள் நில்லா. காவி நிற்கும், இது நில்லாது. ஆகவே உள்ளே மட்டும் அடியுங்கள் என்றார். நானும் அதையே கூறினேன். அவர் சொன்னதால் அம்மா ஏற்றுக்கொண்டார்.

இன்றைய நிலை இதுதான். மண்டபமும் இரண்டு அறைகளும் வெங்காயத்தோல் நிறம். மாலை நான்கு மணிக்கு மேற்கு யன்னலால் வெயில் விழும்போது, உள்ளேயிருப்பவரின் முகமும் சற்றுச் சிவந்து தோன்றுகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. குசினிக்கும் கிணற்றுக்கட்டுக்கும் சுண்ணாம்பு. 2025 தைப்பொங்கலுக்கு முன் அம்மம்மா பக்கத்தில் கதிரை போட்டிருந்து நீலத்தை ஆட்ட, தம்பி அடித்தான். வெளிச்சுவர் இன்னமும் சாம்பல் நிறம். சுளகு குசினியில் ஆணியிலே தொங்குகிறது, புடைப்பதற்காக. பழைய சிவப்புத் தரையை உடைத்து மோட்டார் சைக்கிள் விடக் கொட்டில் போடலாம் என்று அப்பா ஒருமுறை சொன்னார். யாரும் மறுமொழி சொல்லாததால் அப்பேச்சு நின்றுவிட்டது. இப்போது அங்கே மிளகாய் காய்கிறது. அடுக்குப்பெட்டியில் நடுவானதை நான் விடுதிக்குக் கொண்டுவந்துவிட்டேன். பேனாக்கள் அதற்குள் இருக்கின்றன.

அடித்தது போக ஒரு லீற்றர் அளவில் றோஸ் மிஞ்சியிருக்கிறது. மூடியை இறுக்கி அலுமாரியின் கீழே வைத்திருக்கிறார் அம்மா. மதில் கட்டும் காலத்தில் வாசல் தூண் இரண்டுக்கும் அது போதுமா என்று இடைக்கிடை தூக்கிப் பார்க்கிறார். வெயிலில் அது வெளிறிவிடும் என்று சொல்லியிருக்கிறோம்.